ஓட்டை இல்லாத ஹூட்

சித்தூரில் எங்கள் சர்ச்சுக்குப் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. கட்டியவர்கள் வேத காரணத்துக்காக அப்படிக் கட்டினார்கள். ஃபோட்டோ எடுப்பவர்களைப் பற்றி அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

காலை ஆராதனை முடிந்ததும் வாசல் படியில் நின்று குரூப் ஃபோட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் சபையின் வழக்கம். அறுப்பின் பண்டிகை, ஞானஸ்நானம், கல்யாணம், எதுவானாலும் அதே படி, அதே வேளை. அந்த வேளையில் சூரியன் சரியாக சர்ச் கூரைக்கு மேலே நிற்கும். படியில் நிற்பவர்களுக்கு முதுகில் வெயில், படம் எடுப்பவருக்குக் கண்ணில் வெயில். படம் எடுப்பவர் என் வீட்டுக்காரர்.

கூட்டத்தை அப்படியே திருப்பி வெயிலைப் பார்த்து நிற்கவைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அப்படி நின்றால் பின்னால் சர்ச் இருக்காது, எதிர் வீதியில் இருக்கும் சோடாக்கடைதான் இருக்கும். சோடாக்கடை முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ள எங்கள் சபையில் ஒரு ஆள் கிடைக்காது. சாயங்காலம் எடுக்கலாமே என்றும் கேட்டேன். பிரியாணி சாப்பிட்டுப் படுத்தவர்களை எழுப்பிப் பட்டுப்புடவை கட்டவைத்துக் கூட்டி வருவது யார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆகவே ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகைப் படத்தில் எங்கள் போதகருக்குத் தலை இல்லாமல் போனது. கழுத்துப் பட்டை வரைக்கும் தெளிவாக இருந்தார். அதற்கு மேல் வெள்ளையாக ஒரு மேகம். போதகர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மலமேல இயேசுவாட்டம் நானும் மறுரூபமாயிட்டேன் போல கீது," என்றார். நல்ல மனுஷர். என் நைனா அதே படத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கி உடம்பு நல்லா வந்துகீது," என்றார். மாப்பிள்ளையைப் பாராட்டுவதற்கு அதைவிடப் பெரிய வார்த்தை அவரிடம் கிடையாது.

கேமரா என் மாமனாருடையது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. மாமனார் அதை ஒரு துவாலையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஃபிலிம் போட்டால் கெட்டுவிடும் என்று கடைசிவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு வந்தது. இவர் கூட்டுறவு ஆபீஸில் கிளார்க். ஆபீஸில் காட்டாத அக்கறையையெல்லாம் சேர்த்துவைத்து அந்தக் கேமராவிடம் காட்டினார்.

அது ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற வகை. மேலே இடது ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பவர் இரண்டு ஆளாகத் தெரிவார். ஒரு வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு ஆளையும் ஒரே ஆளாகச் சேர்த்தால் தூரம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். இதில் முக்கியமான விஷயம், நாம் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாக. ஃபிலிம் பார்ப்பது கீழே இருக்கும் லென்ஸ் வழியாக. ஒன்று பார்ப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு கல்யாணம் முழுவதையும் எடுத்துவிடலாம். இவர் எடுத்திருக்கிறார். நல்லவேளை, அது அவருடைய சொந்தத் தங்கை கல்யாணம்.

வெயில் நேராக லென்ஸில் விழுந்தால் படத்தில் வெள்ளை பூசிக்கொள்ளும். அதற்கு மருந்து ஹூட். கண்ணுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தூரத்தில் வருவது யார் என்று பார்ப்போமே, அந்த வேலையைச் செய்கிற ஒரு குட்டைக் குழாய். லென்ஸுக்கு முன்னால் மாட்டவேண்டும். டாக்டர் எங்கள் கேமராவின் ஹூட்டைக் கொடுக்க மறந்துவிட்டார், அல்லது அவரிடமும் இல்லை.

போதகரின் தலையோடு இந்த விஷயத்தை மறந்திருப்போம். ஆனால் அடுத்த ஜனவரியில் அம்மாவுக்கும் நைனாவுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைவு. ஸ்தோத்திர ஆராதனை, பிரியாணி, நடுவில் அந்தப் படியில் குடும்ப ஃபோட்டோ.

நைனா மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். "ரிட்டையர் ஆனது இஸ்கூலு தான், அவுரு இல்ல," என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டில் குடும்ப ஃபோட்டோவுக்கு ஒரு முறை உண்டு. யாரும் தானாகப் போய் நிற்கக் கூடாது. நைனா முதலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இடம் சொல்வார். கூப்பிட்டவர் போய் நிற்கவேண்டும். கூப்பிடாதவர் படத்தில் இல்லை. அப்படி எடுத்த படங்களைக் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். எங்கள் குடும்பத்தின் ஆஜர்ப் பட்டியல் அந்தச் சுவர்தான்.

அந்தச் சுவரில் ஒரு படம் வரைக்கும் என் அக்கா இருப்பாள். அம்மாவுக்குப் பின்னால், ரெட்டைச் சடையில், எல்லாரையும்விட உயரமாக. அடுத்த படத்திலிருந்து இருக்கமாட்டாள். அவள் கார்வேட்டிநகரத்தில் டீச்சர் வேலைக்குப் போனாள். அங்கேயே நிலம் வைத்திருந்த ஒரு தமிழ் இந்துக் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். ஓடிப்போகவில்லை. வீட்டுக்கு வந்து நைனா முன்னால் நின்று நேராகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஓடிப்போயிருந்தால்கூட அவர் அவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அவள் பேரைச் சொல்லவில்லை. கார்வேட்டிநகரம் என்று ஒரு ஊர் இருப்பதையும் அங்கே பஸ் போவதையும் கேள்விப்படாதவர்போல நடந்துகொண்டார். நானும் அம்மாவும் அவருக்குத் தெரியாமல் போய் வருவோம். அவருக்குத் தெரியும்.

"அந்தச் சொவுத்துல என் பெரிய பொண்ணு இல்லாம, அம்பது வருசம் இன்னா அம்பது வருசம்?" என்று அம்மா அந்த மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நைனா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டாள்.

"ஸ்தோத்திர ஆராதனைக்குப் பெரியவள வரச்சொல்றேன்."

நைனா ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சர்ச்சு என் அப்பன் வூட்டு சொத்தா? யார் வோணா வரலாம்."

"ஃபோட்டோவுல நிக்கட்டுமா?"

"ஃபோட்டோ வேற."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அக்காவுக்குச் சொல்லியனுப்பினோம்.

அதன் பிறகு அம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "மாப்ளே, அவ இத்தினி வருசம் கழிச்சி வந்து நிக்கற அன்னிக்கி உங்க மிஷினு அவ மூஞ்சிக்கி வெள்ளயடிச்சிச்சின்னா நான் சும்மா இருக்கமாட்டேன்," என்றாள். அம்மா மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். இவர் வீட்டுக்கு வந்ததும் ஹூட் வேலையை ஆரம்பித்தார்.

முதலில் என் பவுடர் டப்பா. அடியை வெட்டி லென்ஸில் மாட்டிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. ஒரு ஃபிலிம் சுருள் முழுக்க எடுத்துக் கழுவிப் பார்த்தால் எல்லாப் படமும் போதகர் தலையைவிட மோசம். டப்பாவின் உள்பக்கம் பளபளவென்று இருந்ததால் வெயிலைத் தடுப்பதற்குப் பதில் கூட்டி வந்து லென்ஸில் கொட்டியிருக்கிறது. அடுத்து விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து உள்ளே தடவினார். அது இவருடைய மூக்கில் ஒட்டிக்கொண்டது. அப்படியே ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அந்த ஆபீஸ் அப்படிப்பட்டது.

சித்தூர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தவரிடம் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேசாம என்னக் கூப்பிடுங்க சார்," என்றார். அதோடு அந்த ஆலோசனை முடிந்தது. பணம் கொடுத்து ஆள் வைப்பதாக இருந்தால் மாப்பிள்ளை எதற்கு என்று நைனா ஏற்கெனவே கேட்டிருந்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். நானும் போனேன். இவரைத் தனியாக அனுப்பினால் ஹூட்டுக்குப் பதில் இன்னொரு கேமராவோடு வருவார் என்பது ஒரு காரணம். ஒருநாள் சமைக்கவேண்டாம் என்பது இன்னொன்று.

கடைக்குப் போகும் முன்னால் தொழில் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று அலிபிரிக்குக் கூட்டிப் போனார். திருமலைக்கு நடந்து போகிறவர்கள் படியேறும் இடம் என்பதால் அங்கே எப்போதும் இரண்டு மூன்று ஃபோட்டோக்காரர்கள் நிற்பார்கள். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்த ஒரு குடும்பத்தை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். சந்தனம் பூசியும் எல்லாத் தலையும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் சர்ச்சில் மேலே ஒரு சூரியன்தான், இந்த மனுஷருக்கு வரிசையாகச் சூரியன் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் ஹூட் இல்லை. இடது கையை லென்ஸுக்கு மேலே கூரைபோல வைத்துக்கொண்டு வலது கையால் எடுத்தார். எந்த ஹூட் நல்லது என்று இவர் கேட்டதற்கு, "ஹூட் எந்துகு சார், செய்யி உந்தி கதா," என்று தன் கையையே தூக்கிக் காட்டினார். கை இருக்கும்போது ஹூட் எதற்கு என்கிறார். இவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை நம்ப மனம் வரவில்லை போலிருக்கிறது. கடைக்குப் போனோம்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது கடை. கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். திருகாணி, அறுந்த வார், உடைந்த மூடிகளுக்கு நடுவே எங்கள் லென்ஸுக்குப் பொருந்துகிற மாதிரி மூன்று ஹூட் இருந்தது. ஒன்று ரப்பர். மடக்கினால் மடங்கும். சைக்கிள் டயர் வாசனை. நம் ஊர் வெயிலுக்கு உருகி லென்ஸில் ஒட்டிக்கொள்ளும் என்று இவர் ஒதுக்கிவிட்டார். இரண்டாவது கறுப்பு உலோகம், நல்ல வேலைப்பாடு, ஆனால் சுற்றிலும் நீள நீளமாக ஓட்டை வெட்டியிருந்தது. மூன்றாவதும் உலோகம்தான். ஓட்டை இல்லை. அகலமாக, ஆழமாக, பார்த்தாலே நம்பிக்கை வருகிற மாதிரி இருந்தது.

"இன்னாங்க இது, ஓட்ட ஓட்டயா கீது?" என்றார் இவர்.

கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. "டிசைன் சார். காத்து போறதுக்கு."

"லென்ஸுக்கு எதுக்குங்க காத்து?"

"அதி தெலீது சார். ஃபாரின் சரக்கு. வாள்ளு ஊரிகே செய்யரு." காரணம் இல்லாமல் செய்யமாட்டார்கள் என்றார். காரணம் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. விலையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"வெயில மறைக்கத்தானே வாங்கறோம்? ஜன்னல் வச்ச குடைய யாராவது வாங்குவாங்களா?" என்று அப்போது கேட்டது நான்தான் என்று இவர் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஓட்டை இல்லாததை வாங்கிக்கொண்டு, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, சந்தோஷமாகச் சித்தூர் திரும்பினோம்.

மறுநாள் சர்ச் விட்டு வந்ததும் ஹூட்டை மாட்டி, என்னைத் துணி துவைக்கும் கல் பக்கத்தில் நிற்கவைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் பக்கத்துல பக்கெட்டு கீதா?"

"கீது."

"எனக்குத் தெரியல."

நான் போய் வாங்கிப் பார்த்தேன். ஜன்னல் மேலே இடது பக்கம், லென்ஸ் நடுவில். ஹூட் மாட்டியதும் அதன் விளிம்பு ஜன்னலின் வலது பக்கக் கீழ் மூலையை அடைத்துக்கொண்டது. துவைக்கும் கல் தெரிந்தது. பக்கெட் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஹூட்டின் முதுகுதான் தெரிந்தது. அந்த இன்னொரு ஹூட்டில் ஓட்டைகள் எதற்கு இருந்தன என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த ஓட்டைகளின் வழியாக மூலையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஃபிலிம் போட்டு எடுத்துப் பார்த்தார். படம் பளிச்சென்று வந்தது. வெள்ளை பூச்சு துளியும் இல்லை. பக்கெட்டும் அதன் மூலையில் சமர்த்தாக இருந்தது. ஃபிலிமுக்குத் தெரிகிறது, எடுப்பவருக்குத்தான் தெரியவில்லை. மறுபடியும் திருப்பதி போய் மாற்றி வரலாம். ஆனால் ஓட்டை வைத்ததைக் கேலி செய்துவிட்டு அதையே போய்க் கேட்பது எப்படி? அது இவருடைய கௌரவத்தில் போய் முட்டியது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தெரியாத மூலையில் யாரும் இருக்கக் கூடாது. நைனாவிடமும் போய் அதைச் சொன்னார். "சரி, அந்தப் பக்கம் காலியா இருக்கட்டும்," என்றார் நைனா. விதி என்று எதைச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்கும்.

ஸ்தோத்திர ஆராதனை அன்று அக்கா முதல் பஸ்ஸில் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கையில் ஒரு பை நிறைய வெல்லம், அவர்கள் கரும்பில் காய்ச்சியது. பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு பாட்டைக்கூட உருப்படியாகப் பாடவில்லை. ஆராதனை முடிந்து வெளியே போகும்போது நைனா அந்த பெஞ்சைத் தாண்டினார். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டினார். புத்தகம் மூடியிருந்தது.

படிக்கு முன்னால் இரண்டு நாற்காலி, அதற்கு முன்னால் பிள்ளைகள் உட்கார ஜமுக்காளம். எதிரே என் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ஹூட்டை மாட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு வலது பக்க நாற்காலியில் நைனா, இடது பக்கம் அம்மா. நைனா கூப்பிட ஆரம்பித்தார். பெரிய அண்ணன், அண்ணி. சின்ன அண்ணன், அவன் பெண்சாதி. நான். எனக்கு இடது கடைசி. அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஜமுக்காளத்தில். நைனா பக்கத்து ஓரம் மட்டும் விதிப்படி காலி.

அக்கா அந்தக் காலி ஓரத்துக்கும் அப்பால் புங்கமரத்தடியில் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூப்பிடுவார் என்றுதான் நின்றாள். கூப்பிடாவிட்டால் வேடிக்கை பார்க்க நின்றதுபோல இருக்கட்டும் என்று மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் ஒன்றும் இல்லை.

நைனா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அவ்ளோதான். எடு," என்றார்.

அக்கா நிற்கிறாளே என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற பெரிய அண்ணன் என் காலை மிதித்தார். அம்மா நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் முதுகிலிருந்தே தெரிந்தது. இவர் ஒரு படம் எடுத்தார். "ஆடாதீங்க, ஒண்ணு கெட்டுப்போனா காப்புக்கு இன்னொண்ணு," என்று ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஃபிலிமைச் சுற்றினார். இவர் ஃபிலிம் சுற்றுவது நிதானமான வேலை. அந்த நேரம் முழுக்க எங்கள் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்திக் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்படித்தான் பழகியிருந்தோம். இரண்டாவது படமும் எடுத்தாயிற்று. பிள்ளைகள் பிரியாணியைப் பார்த்து ஓடின. நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா அதே புங்கமரத்தடியில் நின்றுகொண்டு புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று பந்தியில் நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அக்காதான் எனக்குத் தயிர்ப் பச்சடி போட்டாள். "எல்லாம் நல்லா கீது," என்று சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். பஸ் போன பிறகு இவரிடம்தான் என் கோபத்தைக் கொட்டினேன்.

"மூலய காலியா வச்சீங்களே, இப்போ சந்தோசமா?"

"மாமா கூப்டல. நான் இன்னா பண்றது?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் அதிகமானது.

அடுத்த வாரம் இவர் ஸ்டுடியோவில் இரண்டு படத்தையும் கழுவி, தபால் அட்டை அளவில் போட்டு வாங்கி வந்தார். வெள்ளைப் பூச்சு இல்லை. எல்லாருக்கும் தலை இருந்தது. ஆனால் இவர் முகம் செத்திருந்தது. இரண்டாவது படத்தை என்னிடம் நீட்டினார். "காலியாத்தான் வச்சேன். எப்பிடி ஆச்சின்னு தெரியல," என்றார். தன் மூலை கெட்டுப்போன துக்கம் அவருக்கு.

ஜமுக்காளத்தின் ஓரத்தில், நைனாவின் காலடியில், அக்கா உட்கார்ந்திருந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் தூண்போல விறைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நைனா மட்டும் குனிந்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. நாற்காலிக் கையிலிருந்து அவர் கை கீழே நீண்டிருந்தது, குந்து என்று ஒருவருக்குச் சொல்லும்போது உள்ளங்கையைக் கீழே அமுக்குவோமே, அந்த மாதிரி. கை அசைந்ததில் விரல்கள் கலங்கியிருந்தன.

முதல் படத்தில் அந்த இடம் காலி. இவர் ஃபிலிமைச் சுற்றிய நேரத்தில் நடந்திருக்கிறது. ஓட்டை வைத்த ஹூட்டை வாங்கியிருந்தால் இவர் அதைப் பார்த்திருப்பார். பார்த்திருந்தால், "யாரு அந்த மூலையில, எழுந்திருங்க," என்று கத்தியிருப்பார். எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்போம். அத்தனை பேர் பார்க்கும்போது நைனாவால் அந்தக் கையை நீட்டியிருக்க முடியாது. நான் அந்தப் படத்தை எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. எனக்கு அழுகை வந்தது. இவர் தன் மூலைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "வுடு, முதல் படம் நல்லாத்தான் கீது," என்று தேற்றினார்.

இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு நைனா வீட்டுக்குப் போனோம். சுவரில் மாட்ட எதைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்வது அவர்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார். கீழே வைத்தார். இரண்டாவதைப் பார்த்தார். கீழே வைக்கவில்லை.

"நாய் ஒண்ணு வந்திச்சி. தொரத்துனேன்," என்றார்.

அம்மா அவர் கையிலிருந்து படத்தை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்திலேயே இருந்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு கேட்டேன். ஆடக் கூடாது என்று சொன்னார்கள், அதனால் ஆடவில்லை என்றாள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"நாயி எங்க கீது இதுல?"

"ஓடிப்போயிருக்கும்."

"நம்ம பொண்ணு தான் குந்திக்கினு கீறா."

நைனா கையை நீட்டினார். படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ரெண்டுல எது தெளிவா கீது?" என்று கேட்டார்.

இவருக்கு ஃபோட்டோ விஷயத்தில் பொய் சொல்ல வராது. நான் முதுகில் கிள்ளியும் பயனில்லை. "முதல் படந்தான் மாமா. ரெண்டாவதுல உங்க கை ஆடிப்போச்சி," என்றார்.

"ஆடுனா ஆடட்டும். அத்தயே பெருசு பண்ணு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சட்டென்று, "அக்காவுக்கும் ஒரு காப்பி போட்டுக்கலாம் நைனா, நான் எடுத்துக்கினு போறேன்," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நீ எதுக்கு? நான் போறேன்," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "கார்வேட்டிநகரத்துக்கு காலைல பஸ் எத்தினி மணிக்கு?"